தண்ணீர் போகிற வழி

"வண்டி ஹீட் ஆகுதுங்க" என்று ஒருவர் பட்டறைக்குள் நுழைந்தால் நான் உடனே பானட்டைத் திறப்பதில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு அவரை உட்கார வைத்துப் பேச்சுக் கொடுக்கிறேன். எப்போது சூடாகிறது? ஊருக்குள் நெரிசலில் நிற்கும்போதா, பைபாஸில் ஒரே வேகத்தில் ஓடும்போதா, பர்லியார் தாண்டி வளைவுகளில் இரண்டாம் கியரில் ஏறும்போதா? ஸ்டார்ட் செய்த சில நிமிடங்களிலேயே முள் மேலே போகிறதா, வெகுநேரம் ஓடிய பிறகா? தண்ணீர் ஊற்ற வேண்டியிருக்கிறதா? ஊற்றினால் எவ்வளவு பிடிக்கிறது? பத்து, இருபது வருடம் ஒரே வண்டியை ஓட்டுகிறவர் இதையெல்லாம் கவனித்துத்தான் வைத்திருப்பார். யாரும் கேட்காததால் சொல்லியிருக்க மாட்டார்.

அந்தப் பேச்சில் நான் தேடுவது ஒன்றைத்தான். வண்டி சூடானதால் தண்ணீர் போனதா, தண்ணீர் போனதால் வண்டி சூடானதா? இரண்டும் கடைசியில் ஒரே மாதிரிதான் தெரியும். முள் சிவப்பில் நிற்கும், பானட்டுக்குள்ளிருந்து ஆவி கிளம்பும், ரேடியேட்டர் காலியாக இருக்கும். ஆனால் வைத்தியம் வேறு வேறு. இதைப் பிரித்துப் பார்க்காமல் ஸ்பேனரை எடுப்பவர்கள்தான் முதலில் ரேடியேட்டரை மாற்றுகிறார்கள், பிறகு வாட்டர் பம்பை, பிறகு ஹெட் கேஸ்கட்டை. மூன்றும் புதிதாக இருக்கும். வண்டி பழையபடி கொதிக்கும்.

மேட்டுப்பாளையத்தில் பட்டறை வைத்திருப்பவனுக்கு இந்தக் கேள்வியிலிருந்து தப்பிக்க வழியில்லை. சமவெளியில் வருடக்கணக்காக ஒளிந்திருக்கும் குறையை மலை ஒரே ஏற்றத்தில் வெளியே கொண்டுவந்துவிடும். கடல்மட்டத்திலிருந்து முந்நூற்றுச் சொச்சம் மீட்டர் உயரத்தில் இருக்கும் எங்கள் ஊரிலிருந்து 2,240 மீட்டரில் இருக்கும் ஊட்டி வரைக்கும் எஞ்சின் பாரம் இழுத்துக்கொண்டே போக வேண்டும். எரியும் எண்ணெயின் சூட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை கூலன்ட் சுமந்து வெளியேற்ற வேண்டியிருக்கிறது. ஏற்றத்தில் எண்ணெய் அதிகம் எரியும், வேகமோ குறைவு. எதிர்க்காற்றும் போதாது.

சூடாகிற இடத்தை வைத்தே நிறையச் சொல்லிவிடலாம். நின்றால் சூடாகி, ஓடினால் இறங்குகிற வண்டியில் காற்றில்தான் குறை. மின்விசிறி சுற்றவில்லை, அல்லது அதை இயக்கும் தெர்மோ சுவிட்ச் போய்விட்டது, அல்லது விசிறியைச் சுற்றியிருந்த கவசத்தை யாரோ கழற்றி எறிந்துவிட்டார்கள். நின்றால் சும்மா இருந்து, வேகத்திலும் ஏற்றத்திலும் சூடாகிற வண்டியில் தண்ணீர் ஓட்டத்தில் குறை. ரேடியேட்டர் குழாய்கள் உள்ளே அடைத்திருக்கும், பம்ப் இறக்கைகள் தேய்ந்திருக்கும், பெல்ட் வழுக்கும். கீழ் ஹோஸை ஒருமுறை அழுத்திப் பார்ப்பதும் நல்லது. பழைய ரப்பர் தொய்ந்துவிட்டால், எஞ்சின் வேகமாகச் சுற்றும்போது பம்ப் உறிஞ்சுகிற உறிஞ்சலில் அது உள்வாங்கி ஒட்டிக்கொள்ளும். நிறுத்திவிட்டுப் பார்த்தால் ஒழுங்காக உருண்டையாக இருக்கும். அதற்காகவே பல வண்டிகளில் அந்த ஹோஸுக்குள் கம்பிச் சுருள் வைத்திருப்பார்கள். அந்தச் சுருள் துருப்பிடித்துப் போனதும், புது ஹோஸ் போடும்போது சுருளை மறந்துவிடுவதும் இங்கே சாதாரணம்.

எஞ்சின் ஆறிய பிறகுதான் மற்றதெல்லாம். சூடான ரேடியேட்டர் மூடியைத் திறந்து முகமும் கையும் வெந்துபோனவர்களை இந்த மலைச்சாலையில் பார்த்திருக்கிறேன். அழுத்தத்தில் நூறு டிகிரிக்கு மேல் இருக்கும் தண்ணீர், மூடி விலகிய கணத்தில் மொத்தமாகக் கொதித்து வெளியே பாயும். துணியைச் சுற்றிக்கொண்டு திறந்தாலும் அது பாதுகாப்பாகாது. மேல் ஹோஸைக் கையால் பிடிக்க முடிகிற அளவுக்கு ஆறும்வரை காத்திருக்க வேண்டும்.

நான் முதலில் கையில் எடுத்துப் பார்ப்பது அந்த மூடியைத்தான். சில நூறு ரூபாய் சாமான் என்பதால் யாரும் மதிப்பதில்லை. ஆனால் மலையேறும் வண்டிக்கு அதைவிட முக்கியமான உறுப்பு குறைவு. திறந்த பாத்திரத்தில் தண்ணீர் கடலோரத்தில் 100 டிகிரியில் கொதிக்கிறது. உயரம் கூடக் கூடக் கொதிநிலை இறங்கும். ஊட்டியில் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். 0.9 பார் அழுத்தம் தாங்குகிற நல்ல மூடி இருந்தால் கடலோரத்தில் வெறும் தண்ணீரே 118, 119 டிகிரி வரை கொதிக்காமல் நிற்கும். ஊட்டியிலும் 114 வரை தாங்கும். மூடியின் ரப்பர் வெடித்தோ, ஸ்பிரிங் தளர்ந்தோ போனால் இந்தத் தாங்கல் மொத்தமும் போச்சு. இப்போது தெர்மோஸ்டாட்டை நினைத்துப் பாருங்கள். 82 டிகிரியில் திறக்கத் தொடங்குகிற வகை, முழுவதும் திறக்க ஏறக்குறைய 95 டிகிரி ஆக வேண்டும். மூடி கெட்ட வண்டியில், ஊட்டி உயரத்தில், தெர்மோஸ்டாட் முழுக்கத் திறப்பதற்குள் தண்ணீர் கொதித்துவிடுகிறது. அந்த வண்டி காரமடையிலும் கோவையிலும் ஒரு குறையும் இல்லாமல் ஓடும். குன்னூர் தாண்டினால் பொங்கும். உள்ளே எதுவும் கெடவில்லை, எங்கும் ஒழுகவில்லை. மூடி மட்டும்தான்.

மூடிக்குள் இன்னொரு சின்ன வால்வும் உண்டு. எஞ்சின் ஆறும்போது உள்ளே வெற்றிடம் உண்டாகும். அப்போது ரிசர்வ் டாங்கிலிருந்து கூலன்ட்டைத் திரும்ப உள்ளே இழுக்க விடுவது அந்த வால்வு. அது ஒட்டிக்கொண்டால் காலையில் மேல் ஹோஸ் சப்பையாகிக் கிடக்கும். ரிசர்வ் டாங்க் நிரம்பியிருக்கும், ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்திருக்கும். டாங்கை மட்டும் பார்த்துவிட்டு "தண்ணி ஃபுல்லா இருக்குங்க" என்று சொல்கிறவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

மூடி சரி என்றால் பிரஷர் பம்ப். ரேடியேட்டர் வாயில் பூட்டி, மூடியில் அச்சிட்டிருக்கும் அளவுக்குக் கையால் அடித்துவிட்டு, முள்ளைப் பார்த்துக்கொண்டு காத்திருப்பது. இந்தக் காத்திருப்பு பொறுமையைக் கேட்கிறது. கால் மணி நேரமாவது நிற்க வேண்டும். எஞ்சின் குளிர்ந்திருக்க வேண்டும் என்பதற்கும் காரணம் உண்டு. சூடான எஞ்சினில் கசிகிற சொட்டு விழுந்த இடத்திலேயே காய்ந்துவிடும். தடம் மட்டும்தான் மிஞ்சும். பச்சையாகவோ வெள்ளையாகவோ துருநிறமாகவோ ஒரு பொடிக்கோடு. அந்தக் கோட்டைப் படிக்கத் தெரிய வேண்டும். காற்று அடித்துப் பின்னால் தள்ளியிருக்கும் என்பதால், கோடு முடிகிற இடத்தை விட்டுவிட்டுத் தொடங்குகிற இடத்தைத் தேட வேண்டும். சில ஹோஸ் கிளாம்ப்கள் நேர்மாறாகக் குளிரில் மட்டும் கசியும். ரப்பரும் உலோகமும் சுருங்கும்போது இடைவெளி விழுந்து, சூடானதும் அடைத்துக்கொள்ளும். வாட்டர் பம்பின் அடியில் ஒரு சிறு துளை இருக்கும். உள்ளே சீல் போனால் தண்ணீர் பேரிங்கைத் தொடாமல் வெளியேறுவதற்காகவே அதை வைத்திருக்கிறார்கள். அதைச் சுற்றிக் கறை தெரிந்தால், விசிறியையோ புல்லியையோ பிடித்து ஆட்டிப் பார்த்து, ஆட்டம் இருந்தால் பம்பை மாற்றிவிட வேண்டும். அந்தத் துளையை எம்-சீல் வைத்து அடைத்த வண்டியும் என்னிடம் வந்திருக்கிறது. கசிவு நின்றது, பேரிங் போயிற்று.

கோத்தகிரிப் பக்கம் தோட்டம் வைத்திருக்கும் ஒருவர் பழைய டீசல் ஜீப் ஒன்றைக் கொண்டுவந்தார். வேறிடத்தில் ரேடியேட்டர் புதிதாகப் போட்டாயிற்று, வாட்டர் பம்பும் மாற்றியாயிற்று. "அடுத்து ஹெட்டக் கழட்டோணும்னு சொல்றாங்கண்ணா. தண்ணி குறைஞ்சுட்டே இருக்குது, ஆனா கீழ ஒரு சொட்டு விழுகறதில்லீங்க" என்றார். சொட்டு விழாமல் தண்ணீர் குறைந்தால் எஞ்சின் குடிக்கிறது என்று முடிவு கட்டுவது நம் தொழிலில் வழக்கம். ஆனால் அந்த ஜீப்பில் ஸ்டார்ட் செய்ததும் வெள்ளைப் புகை இல்லை. ரேடியேட்டர் வாயில் குமிழி இல்லை. எஞ்சின் ஆயில் ஆயிலாகத்தான் இருந்தது. முதலில் தண்ணீர் குறைகிறது, குறைந்த பிறகுதான் சூடாகிறது என்றும் அவர் தெளிவாகச் சொன்னார். அதை நம்பி, இரவு முழுக்க ஆறவிட்டுக் காலையில் பிரஷர் அடித்தோம். முள் மெல்ல இறங்கியது. மேலே எங்கும் ஈரம் இல்லை, தரையிலும் இல்லை. பட்டறைப் பையன் கீழே படுத்து, கைக்கண்ணாடியும் டார்ச்சும் வைத்து ஒவ்வொரு இடுக்காகப் பார்த்துக்கொண்டு வந்தான். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்குப் பின்னால், பிளாக்கின் பக்கவாட்டில், ஒரு வெல்ஷ் பிளக்கின் ஓரத்தில் ஊசிமுனை அளவு ஓட்டை. அதிலிருந்து ஒரு ஈரக்கோடு.

வெல்ஷ் பிளக் என்பது பிளாக்கை வார்க்கும்போது மணலை வெளியே எடுப்பதற்காக விட்ட ஓட்டைகளை மூடும் மெல்லிய தகட்டு மூடி. வெறும் தண்ணீரே ஊற்றி ஓட்டிய வண்டியில் அது உள்பக்கமிருந்து துருப்பிடித்து அரிக்கும். வெளியே வண்ணம் பூசியபடி நன்றாகவே தெரியும். ஓடும்போது அழுத்தத்தில் கசிந்த தண்ணீர் கொதிக்கிற மேனிஃபோல்டு பக்கம் பட்டு ஆவியாகிவிடும். நிறுத்தியதும் அழுத்தம் இறங்கக் கசிவும் நின்றுவிடும். தரையில் எப்படிச் சொட்டு விழும்? பிளக்கைத் தட்டி எடுத்தால் பின்னால் பிளாக்கின் அடியில் செம்மண் குழம்பு போல் துருச்சேறு நிறைந்திருந்தது. கை எட்டுகிற பிளக் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, பித்தளைப் பிளக் போட்டு, சேறு தெளிகிறவரை தண்ணீர் விட்டு அலசினோம். ஹெட்டைத் தொடவேயில்லை.

நேர் எதிரான வண்டியும் உண்டு. 1489 சி.சி. எஞ்சின் உள்ள பழைய அம்பாசடர் ஒன்று. மலையேறும்போது மட்டும் பொங்கி, தண்ணீரை வழிகால் குழாய் வழியாக வெளியே தள்ளும். பிரஷர் அடித்தால் முள் அசையாது. ஒழுகல் இல்லை. இங்கே சூடானதால்தான் தண்ணீர் போகிறது. எஞ்சினைச் சூடேற்றி நிறுத்திவிட்டு, டெம்பரேச்சர் கன்னை ரேடியேட்டர் முகத்தில் கட்டம் கட்டமாக நகர்த்திப் பார்த்தேன். ஓரங்கள் சூடு. நடுவிலிருந்து கீழே ஒரு பெரிய பகுதி குளிர்ந்து கிடந்தது. அந்தக் குழாய்களில் தண்ணீர் ஓடவே இல்லை. பித்தளை ரேடியேட்டர் என்பதால் ரேடியேட்டர் கடையில் மேல் டாங்கை ஈயம் உருக்கிப் பிரித்து, குழாய்களில் கம்பி விட்டுக் குத்திச் சுத்தம் செய்து, திரும்பப் பற்றவைத்துக் கொடுத்தார்கள். அந்தக் கைவேலை தெரிந்த பட்டறைகள் குறைந்துகொண்டே வருவது எனக்கு வருத்தம். பிளாஸ்டிக் டாங்க் வைத்த அலுமினிய ரேடியேட்டரைப் பெரும்பாலும் தூக்கி எறிந்துவிட்டுப் புதிது போடுகிறோம். பித்தளையை ஒரு நல்ல கைக்காரர் இன்னொரு ஆயுள் ஓட வைத்துவிடுவார்.

குழாய்களை அடைத்தது எங்கள் பக்கத்து ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர்தான். வெந்நீர் போடும் அண்டாவின் அடியில் படிகிற அதே வெள்ளைப் பொருக்கு. சுண்ணாம்பு உப்பு மற்ற உப்புகளைப் போலச் சூட்டில் அதிகம் கரைவதில்லை. சூடு கூடக் கூடக் கரைசலிலிருந்து பிரிந்து படியும். எஞ்சினுக்குள் எந்த இடம் மிகச் சூடோ, அங்கேதான் முதலில் படியும். அது பெரும்பாலும் எக்ஸாஸ்ட் வால்வைச் சுற்றி, தண்ணீர் மிக அவசியமான இடம். ஆகவே, பைப்பில் பிடித்த தண்ணீரை ஊற்றாதீர்கள் என்று வருகிறவர் எல்லோரிடமும் சொல்கிறேன். பேட்டரிக்கு ஊற்றும் உப்பு நீக்கிய தண்ணீரும் கூலன்ட்டும் சரிபாதி. நம் ஊரில் உறையாதே, கூலன்ட் எதற்கு என்று கேட்பார்கள். கூலன்ட் நமக்கு வேண்டியது துருவைத் தடுக்கவும், கொதிநிலையைச் சில டிகிரி உயர்த்தவும், பம்ப் சீல் காய்ந்துபோகாமல் இருக்கவும்தான். நிறத்தை வைத்து வகையை முடிவு செய்யக் கூடாது. ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு நிறம் போடுகிறது. இரண்டு வகை கலந்தால் குழம்பி அடைத்துக்கொள்ளவும் கூடும். பழைய கூலன்ட்டைச் சாக்கடையோரம் ஊற்றவே கூடாது. எத்திலீன் கிளைக்கால் இனிப்பு. நாய், பூனை நக்கினால் சிறுநீரகம் போய்ச் செத்துவிடும்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியும் வழக்கத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியவில்லை. "நம்ம வெயிலுக்கு அது எதுக்கு" என்று எத்தனை பேர் கழற்றியிருக்கிறார்கள்! மெழுகு வகை தெர்மோஸ்டாட் கெடும்போது பெரும்பாலும் மூடிய நிலையில் ஒட்டிக்கொள்ளும் என்பது உண்மை. வண்டி சில நிமிடங்களில் சூடாகிறது, மேல் ஹோஸ் மட்டும் குளிர்ந்திருக்கிறது என்றால் சந்தேகமே வேண்டாம். ஆனால் அதற்கு மருந்து புது தெர்மோஸ்டாட். அது இல்லாத எஞ்சின் சமவெளியில் சூடேறாமலே ஓடும். எண்ணெய் அதிகம் குடிக்கும், சிலிண்டர் சீக்கிரம் தேயும். பைபாஸ் வழியை தெர்மோஸ்டாட்டே அடைக்கிற அமைப்புள்ள எஞ்சினில் இன்னும் மோசம். அந்த வழி திறந்தே கிடப்பதால் தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்குப் போகாமல் எஞ்சினையே சுற்றிவரும். குளிர வைக்கக் கழற்றியதே கொதிக்க வைத்துவிடும். புதிதை வாங்கினாலும் பூட்டும் முன் ஒரு பாத்திரத் தண்ணீரில் நூலில் கட்டித் தொங்கவிட்டு, தெர்மாமீட்டர் வைத்துச் சூடேற்றி, எங்கே திறக்கிறது என்று பார்த்துக்கொள்கிறேன்.

ஹெட் கேஸ்கட்டுக்குக் கடைசியில்தான் வருவேன். ஆனால் வந்துவிட்டால் சுற்றி வளைப்பதில்லை. குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து, தண்ணீர் சூடாகும் முன்பே மேல் ஹோஸ் கல்லாக இறுகினால் உள்ளே போவது எரிந்த வாயு. பெட்ரோல் வண்டியில் ரேடியேட்டர் வாயில் நீலத் திரவக் குழாயை வைத்து உறிஞ்சினால், கரியமில வாயு பட்டு அது மஞ்சளாகும். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிப் பார்த்தால், மற்றவை கருத்திருக்க ஒன்று மட்டும் கழுவிவிட்டது போல இருக்கும். ஆயில் மூடியின் அடியில் காபி நிற நுரை தெரிந்தால் எல்லோரும் பயப்படுகிறார்கள். அதில் மட்டும் நிதானம் வேண்டும். ஊட்டிக் குளிரில் கடைக்கும் வீட்டுக்கும் மட்டும் ஓடுகிற வண்டியில் ஆவி படிந்தே அந்த நுரை வரும். டிப் ஸ்டிக்கிலும் பால் கலந்த மாதிரி இருந்தால்தான் கவலை.

அம்பாசடரின் இரும்பு ஹெட் ஓரளவு பொங்கலைத் தாங்கும். மாருதி 800-இன் அலுமினிய ஹெட் அவ்வளவு தாங்காது. அலுமினியம் சூட்டில் இரும்பைப் போல ஏறக்குறைய இரு மடங்கு விரிகிறது. ஒருமுறை நன்றாகக் கொதித்தாலே வளைந்துவிடலாம். கழற்றிய ஹெட்டின் மேல் நேர்சட்டம் வைத்து, அடியில் ஃபீலர் கேஜ் விட்டுப் பார்க்காமல் புது கேஸ்கட் வைப்பது காசைத் தண்ணீரில் போடுவது. 0.05 மில்லிமீட்டர் தகடு நுழைந்தாலே பல சின்ன கார்களில் ஹெட் லேத்துக்குப் போக வேண்டும். போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, இரண்டு மூன்று சுற்றாக, டார்க் ரெஞ்ச் வைத்துத்தான் இறுக்க வேண்டும்.

சாலையில் பொங்கி நிற்கும் வண்டிக்கு மஞ்சள் தூள் போடலாமா என்று கேட்பார்கள். ரேடியேட்டரில் ஊசித்துளை என்றால் அது அடைக்கும், ஊர் வந்து சேரலாம். வந்த மறுநாளே அலசிவிட வேண்டும், இல்லாவிட்டால் நல்ல குழாய்களையும் சேர்த்து அடைக்கும். சூடான எஞ்சினில் பச்சைத் தண்ணீரை மட்டும் ஊற்றவே கூடாது, ஹெட் வெடிக்கும். இன்னொன்றும் சொல்லி அனுப்புகிறேன். சிவப்பில் நின்ற முள் திடீரென்று கீழே இறங்கினால் நிம்மதி அடையாதீர்கள், உடனே நிறுத்துங்கள். சென்சாரைத் தொடத் தண்ணீரே இல்லாமல் போயிருக்கலாம்.

வேலை முடிந்த வண்டியை மூக்கு மேட்டுப்பக்கம் இருக்கும்படி சரிவில் நிறுத்தி, ஹீட்டர் இருந்தால் முழுக்கத் திறந்து, மெல்ல ஊற்றிக் காற்றை வெளியேற்றுகிறோம். விசிறி ஒருமுறை தானாகச் சுற்றி நிற்கும்வரை வண்டியைக் கொடுப்பதில்லை. பிறகு குன்னூர் வரை ஒரு ஓட்டம். திரும்பி வந்து, இரவு ஆறவிட்டு, காலையில் அளவு பார்த்தால் கொஞ்சம் குறைந்திருக்கும். அது உள்ளே சிக்கியிருந்த காற்று வெளியேறிய இடம். நிரப்பிவிட்டு ரிசர்வ் டாங்கில் பேனாவால் ஒரு கோடு போட்டு, மறுபடி ஒருமுறை மேலே அனுப்புகிறேன். அந்தக் கோட்டுக்குக் கீழே மீண்டும் இறங்கியிருந்தால் சாவியைக் கொடுப்பதில்லை. பிரஷர் பம்பை எடுத்து வரச் சொல்கிறேன்.